மகாலட்சுமியின் பதினொரு வினாடி

பச்சமுத்துவைப் பற்றி இணையத்தில் ஏறக்குறைய நாலாயிரம் பேர் கருத்துச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் அவனை நேரில் பார்த்தவர்கள் மிஞ்சிப்போனால் மூன்று பேர் இருப்போம். அந்த மூன்று பேரில் அதிகம் பேசியவன் நான்தான். இதை எழுத எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், இல்லை. ஆனாலும் நான் எழுதாவிட்டால் அந்த நாலாயிரம் பேர் எழுதியதுதான் அவன் கதை என்று நின்றுவிடும்.

செஞ்சி கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டைப்பிங், ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன். வக்கீல்கள் சொல்லச் சொல்லப் பிராது மனு அடித்துக் கொடுப்பேன். பதினெட்டு வருடம் அடித்ததில் நானும் பாதி வக்கீல் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. இந்தப் பாதி இருக்கிறதே, அதுதான் ஆபத்து. முழு வக்கீலாக இருந்தால் தெரிந்திருக்கும். ஒன்றுமே தெரியாதவனாக இருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

பச்சமுத்து ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நாற்பத்தொரு வயது. தொண்டூருக்கு இந்தப் பக்கம் வீடு, முக்கால் காணி குத்தகை நிலம். அமாவாசை அன்று அவனைப் பிடிக்க முடியாது. மேல்மலையனூர் கோயிலுக்கு எத்தனை சிறப்புப் பேருந்து விட்டாலும் ஜனம் தொங்கிக்கொண்டுதான் போகும்; அந்த ஜனத்தை ஏற்றி இறக்கி அவனுக்கு மூச்சு வாங்கும். அதற்காகவே ஒரு வீடியோ சேனல் வைத்திருந்தான். எந்த இடத்தில் வண்டி நிற்கிறது, கூட்டம் எவ்வளவு, திரும்ப எப்போது வண்டி கிடைக்கும், இதுதான் சேனல். முந்நூற்றுச் சொச்சம் பேர் பின்தொடர்ந்தார்கள்.

அதிலும் அவன் ஒரு தினுசு. கூட்டம் தாங்கவில்லை என்றால், "இன்னிக்கு சரியான கூட்டம். கைக்கொழந்த வச்சிருக்கறவங்க வராதீங்க" என்று போடுவான். மற்ற ஆட்டோக்காரர்கள் அவனை அடிக்காத குறை. வருகிற சவாரியைக் கெடுக்கிறாயே என்று நானே ஒருமுறை கேட்டேன்.

"கூட்டம் இருக்குதுண்ணே. இல்லன்னு எப்டி சொல்றது?" என்றான்.

இந்தப் பதிலை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் கெட்டதே இதனால்தான்.

அந்தச் சேனலில் ஆட்டோவுக்கும் அமாவாசைக்கும் சம்பந்தமில்லாத வீடியோ ஒன்றே ஒன்று இருந்தது. அவன் மனைவி மகாலட்சுமி நடவு நடும்போது பாடியது. இரண்டு நிமிடம் பதினாலு வினாடி. அவளும் ஆறேழு பெண்களும் சேற்றில் குனிந்தபடி பின்னால் நகர்ந்து வருவார்கள். அவள் ஓரடி பாடுவாள், மற்றவர்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள்.

கால் நனைஞ்சா நெல்லாகும்
கண்ணு நனைஞ்சா என்னாகும்?

இப்படியே ஒன்றரை நிமிடம் போகும். பிறகு அவள் நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, நாற்றுக் கட்டுகள் கிடக்கிற வரப்பில் போனும் கையுமாக நிற்கிற புருஷனைப் பார்ப்பாள். "யோவ், அங்க நின்னுனு இன்னாயா எடுக்கிற? நாத்து முடி தூக்கியாந்து போடு. தமிழினி எழுந்துடுச்சா பாரு. தமிழினி! ஏய் தமிழினி!" என்பாள். மரத்தடித் தூளியில் கிடந்த குழந்தையை அவள் கூப்பிடுகிற கூப்பாட்டோடு வீடியோ முடிந்துவிடும்.

அந்த நடவு முடிந்த அடுத்த வருடம் மகாலட்சுமி செத்துப்போனாள். காய்ச்சல் என்று படுத்தாள், பதினோராம் நாள் இல்லை. தமிழினிக்கு அப்போது மூன்று வயது. இப்போது எட்டு. அம்மாவின் முகம் ரேஷன் கார்டு போட்டோவிலும் கல்யாண ஆல்பத்திலும் இருக்கிறது. குரல் அந்த ஒரு வீடியோவில்தான் இருந்தது. தினமும் பள்ளிக்கூடம் கிளம்பும்போது நைனாவின் போனை வாங்கி, வீடியோவைக் கடைசிக்கு நகர்த்தி, அம்மா தன் பெயரைக் கூப்பிடுகிற இடத்தைக் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுப்பாளாம். பாட்டை அவள் கேட்பதில்லை. பெயரைக் கேட்பதோடு சரி.

போனில் மெமரி நிறைந்துவிட்டது என்று பச்சமுத்து அதைச் சேனலில் ஏற்றியிருந்தான். ஏற்றிவிட்டுப் போனில் இருந்ததை அழித்துவிட்டான். பிறகு அந்தப் போனையும் கடையில் போட்டு வேறு போன் வாங்கிவிட்டான். போன் உடையும், தண்ணீரில் விழும், தொலையும். நெட்டில் ஏற்றிவிட்டால் அது எங்கேயும் போகாது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். சொன்னவன் என்னைப் போல் ஒரு பாதி ஆளாகத்தான் இருப்பான்.

தேர்தல் நெருங்கியது. ஒரு கட்சி பிரசாரப் பாட்டு ஒன்றை வெளியிட்டது. முதலில் ஒரு பெண் குரல், பக்கவாத்தியம் எதுவும் இல்லாமல், கால் நனைஞ்சா நெல்லாகும் என்று பாடும். என்னாகும் என்று அவள் இழுத்து நிறுத்துகிற இடத்தில் பறை இறங்கும், தலைவர் பெயர் வரும். நன்றாகத்தான் இருந்தது. நானே இரண்டு முறை கேட்டேன். அது மகாலட்சுமி என்று எனக்குத் தெரியாது.

ஒரு வியாழக்கிழமை மதியம் பச்சமுத்து போனை நீட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். இங்கிலீஷில் மெயில் வந்திருந்தது. உங்கள் வீடியோவில் உள்ள பாடலுக்கு இன்ன கம்பெனி உரிமை கோரியிருக்கிறது என்று போட்டிருந்தது. சென்னையில் அந்தக் கட்சிக்குப் பாட்டுப் போட்டுக் கொடுத்த கம்பெனி.

"இன்னாண்ணே இது? நாம திருடிட்டோம்னு சொல்றானா?"

"நாம இல்லடா. அவன்தான் திருடியிருக்கான்" என்றேன். எனக்கு ரத்தம் கொதித்தது. கொதித்தது என்பது உண்மை. உள்ளுக்குள் கொஞ்சம் குஷியாகவும் இருந்தது என்பதும் உண்மை. இப்படி ஒரு கேஸ் என் கடை வாசலுக்கு வந்ததில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த மெயிலை முழுதாகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும்: வீடியோவை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அது இருந்த இடத்தில் அப்படியே இருக்கும். அதில் விளம்பரம் வந்தால் பலன் கம்பெனிக்கு, அவ்வளவுதான். பச்சமுத்துவின் சேனலுக்கு விளம்பரம் வந்ததே இல்லை. பேசாமல் விட்டிருந்தால் தமிழினி இன்றைக்கும் அதைக் கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போயிருப்பாள். இன்னொன்று. அந்த நிமிடமே வீடியோவை இறக்கி ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கலாம். என் கடையில் தலைக்கு மேலே ஒரு சரம் பென்டிரைவ் தொங்குகிறது.

தோன்றவில்லை. எனக்குச் சண்டைதான் தோன்றியது.

எங்கள் வட்டாரத்துக்கு என்று இணையத்தில் ஓர் அரசியல் விவாதக் குழு இருக்கிறது. பதினோராயிரம் பேர். அதில் எழுதினேன். நம் மண்ணின் பாட்டைச் சென்னைக் கம்பெனி பட்டா போட்டுக்கொண்டது என்று தலைப்பு. ஒரு மணி நேரத்தில் நூறு பேர் பகிர்ந்தார்கள். எதிரணிக்காரர்களுக்கு அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று. ஆளுங்கட்சியா எதிர்க்கட்சியா, எது திருடியது என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. இடம் மாறியிருந்தாலும் இதே கூத்துதான் நடந்திருக்கும்.

கருத்துகள் கொட்டின. காப்பிரைட் சட்டம் எந்த ஆண்டு வந்தது, எத்தனை முறை திருத்தினார்கள், நாட்டுப்புறப் பாட்டுக்குக் காப்பிரைட் உண்டா, உண்டென்றால் யாருக்கு, அறுபது வருடமா ஐம்பது வருடமா. நான் ஒவ்வொருவருக்கும் பதில் போட்டேன். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பதில் போட்டேன். 'நாட்டுப்புறப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, அது மக்கள் சொத்து' என்று நான் எழுதிய ஒரு வரிக்கு எழுநூறு விருப்பக்குறி விழுந்தது. வீட்டில் என் மனைவி ரஞ்சனி கேட்டாள், "அந்தப் பொண்ணு பேரு அதுல எங்கியாவது இருக்குதா?" தேடலில் போட்டுப் பார்த்தேன். நானூறு கருத்தில் மகாலட்சுமி என்கிற பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டும் நான் எழுதியது.

மறுநாள் பச்சமுத்துவை உட்காரவைத்து ஆட்சேபணைப் படிவம் நிரப்பினேன். எந்த அடிப்படையில் ஆட்சேபிக்கிறீர்கள் என்று கேட்டு நாலு வட்டம் கொடுத்திருந்தார்கள். முதல் வட்டம், இது என் சொந்தப் படைப்பு. கடைசி வட்டம், இது யாருக்கும் சொந்தமில்லாதது.

"சொந்தம்னு போடட்டுமா?" என்று கேட்டேன்.

அவன் ஆட்டோச் சாவியை விரலில் சுற்றினான். "சொந்தம்னு எப்டிண்ணே போடறது? அது நடவுப் பாட்டு. எங்க அம்மா பாடும். பூட்டன் காலத்துலேர்ந்து பாடறாங்க. அந்தாண்ட தெருவுல பாடறாங்க, மண்டகப்பட்டு பக்கம் போனா அங்கியும் பாடறாங்க. அன்னிக்கு லட்சுமி மொதல்ல எடுத்துச்சி, அவ்ளோதான். எம்பொண்டாட்டி பாட்டுன்னு நான் எழுதிக் குடுத்தா, கூட நட்டுச்சே அந்தப் பொம்பளைங்கோ, நாளைக்கு எம்மூஞ்சில முழிப்பாங்களா?"

நடவில் அப்படித்தான். யார் முதலடி எடுக்கிறார்களோ அன்றைக்கு அவர் பாட்டு. கரையேறினால் யார் பாட்டும் இல்லை. எனதென்று ஒருத்தி சொன்னால் மற்றவர்கள் சிரித்தே அவளை ஒருவழி ஆக்கிவிடுவார்கள். எனக்கு அவன் பதில் தேனாக இனித்தது. எழுநூறு பேர் விரும்பிய என் வரியை அவனும் சொல்கிறானே! கடைசி வட்டத்தைத் தொட்டேன். கீழே விளக்கம் கேட்ட கட்டத்தில், இந்தப் பாட்டுக்கு நான் உரிமையாளர் இல்லை, யாரும் உரிமையாளர் இல்லை என்று அவன் பெயரில் இங்கிலீஷில் அடித்தேன். அவன் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொய் ஒண்ணும் இல்லியே?" என்றான். இல்லை என்றேன்.

எட்டு நாளில் கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. தான் உரிமையாளர் இல்லை என்று இவரே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். எங்களுடையது புதிய ஒலிப்பதிவு. எனவே வீடியோவை நீக்கக் கோருகிறோம். கூடவே, விவாதக் குழுவில் நான் எழுதிய அந்த எழுநூறு விருப்பக்குறி வரியையும் படம் பிடித்து இணைத்திருந்தார்கள்.

வீடியோ போய்விட்டது. அந்த இடத்தில் சாம்பல் கலரில் ஒரு கட்டம் இருந்தது.

அதோடாவது நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஆட்சேபணைப் படிவம் போட்ட அன்றே இன்னொரு காரியம் செய்து வைத்திருந்தேன். செய்தி பரவட்டும் என்று அந்தப் பாட்டுப் பகுதியை இரண்டு குட்டித் துண்டாக வெட்டி, அவன் சேனலிலேயே தனித்தனியாகப் போட்டிருந்தேன். எதையும் இறக்காமல் தளத்துக்குள்ளேயே வெட்டி ஒட்டலாம். அந்த வசதி இருந்தது எங்கள் கெட்ட நேரம். பெரிய வீடியோவுக்கு ஓர் எச்சரிக்கை, துண்டுக்கு ஒன்று ஒன்று. மூன்று எச்சரிக்கை வந்தால் சேனலையே மூடுவது அவர்கள் விதி. அடுத்த வாரம், அமாவாசைக்கு முந்தின நாள், சேனல் இல்லை.

பச்சமுத்து ஆட்டோவை நடுரோட்டில் நிறுத்திவிட்டு ஓடிவந்தான். "அண்ணே, உள்ளவே போவ முடியல. எதுவும் இல்லண்ணே. தமிழினி அழுவுது. அது பாட்டுக்கு தெனம் காலைல கேக்கும். எப்டியாச்சும் அந்தக் கடைசிய மட்டும் எடுத்துக் குடு."

பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னது என் வாய். அத்தனை சட்டம் பேசிய வாய்.

குழுவில் எழுதினேன்: யாராவது அந்த முழு வீடியோவை இறக்கி வைத்திருக்கிறீர்களா? பதினோராயிரம் பேரில் ஒருவரும் இல்லை. எல்லாரும் இணைப்பைத்தான் பகிர்ந்திருந்தார்கள். அந்த இணைப்பு இப்போது சாம்பல் கட்டத்துக்குப் போகிறது. இதைப் பற்றி விமர்சன வீடியோ போட்டவர்கள் பதினாறு பேர். ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்தேன். எட்டு வினாடி அவள் பாடுவாள், பிறகு நாற்பது நிமிடம் இவர்கள் பேசுவார்கள். ஒருவர்கூடக் கடைசிப் பகுதியை எடுத்துப் போடவில்லை. நாத்து முடி தூக்கியாந்து போடு என்கிற வசவு எந்தக் கட்சிக்கும் தேவைப்படவில்லை.

சண்டை வேறு பக்கம் திரும்பியிருந்தது. அது செயற்கை நுண்ணறிவு செய்த குரல், அப்படி ஒரு பெண்ணே கிடையாது, எதிரணி ஜோடித்த கதை என்று ஒருவர் எழுதினார். அதற்கு ஆயிரத்து இருநூறு பேர் ஆமாம் போட்டார்கள்.

இதை யாரோ சவாரி போகும்போது பச்சமுத்துவிடம் படித்துக் காட்டியிருக்கிறார்கள். அவன் ஒரு மஞ்சள் பையோடு வந்தான். அதில் பழைய ரேஷன் கார்டு, கல்யாணப் பத்திரிகை, இறப்புச் சான்றிதழ். மூன்றையும் மேஜையில் பரப்பினான்.

"இத போட்டோ எடுத்துப் போடுண்ணே. லட்சுமி இருந்துச்சின்னு தெரியட்டும்."

"போட்டா அதுக்கும் ஏதாவது சொல்வானுங்கடா."

"செத்துப்போச்சின்னு சர்க்காரே எழுதிக் குடுத்திருக்குது. இல்லாதவங்களுக்கு எப்டிண்ணே குடுப்பாங்க?"

நான் போடவில்லை. அவற்றை லேமினேஷன் செய்து கொடுத்தேன். எனக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை, அதனால் லேமினேஷன் செய்தேன்.

பிறகு வக்கீல் பூங்குழலியிடம் கூட்டிக்கொண்டு போனேன். கோர்ட்டில் சின்ன வயது, ஆனால் கெட்டிக்காரி. நான் அடிக்கிற மனுக்களில் தப்புக் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புகிற ஒரே ஆள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பாட்டு யாருக்கும் சொந்தம் இல்லதான். ஆனா பாடின குரல் அந்தம்மாவோடது, பாடினவங்களுக்குன்னு சட்டத்துல தனி உரிமை இருக்குது. பதிவு பண்ணது இவர், அந்தப் பதிவு இவரோடது. மூணும் வேற வேறங்க. நீங்க மூணையும் ஒண்ணாக் கலந்து, எதுவுமே எங்குளுது இல்லன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

பச்சமுத்து அப்போதும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"கேசு போடலாம்" என்றார் பூங்குழலி. "ஒரிஜினல் ஃபைல் இருக்குதா?"

"இல்லக்கா."

"அந்தப் போன்?"

"அது அப்பவே கடையில குடுத்து மாத்திட்டேன்."

பூங்குழலி பேனாவை மூடினார். "இருந்தாலும் போராடலாம். நாளாவும். ஜெயிக்கக்கூட வாய்ப்பு இருக்குது."

"ஜெயிச்சா அந்தக் கொரலு வந்துடுமாக்கா?"

அவர் பேனாவைப் பைக்குள் வைத்தார்.

மிச்சம் இருந்தது விமல்ராஜ். உரக்கடை வைத்திருக்கிறவன், பச்சமுத்துவின் ஊர்க்காரன், அந்தக் கட்சிக்கு ஒன்றிய அளவில் இணையப் பொறுப்பாளர். சேனலில் இருந்து வீடியோவை இறக்கிக் கம்பெனிக்கு அனுப்பியது அவன்தான் என்று தெரியவந்தது. நான் சட்டையைப் பிடிக்கிற வேகத்தில்தான் போனேன். ஆனால் அவன் எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

"அண்ணா, சத்தியமா கெட்ட எண்ணம் இல்ல. நம்மூரு பாட்டு தமிழ்நாடு பூரா ஒலிக்கட்டும்னுதான் அனுப்பினேன். அக்கா கொரலு எனக்குப் புடிக்கும். எங்க வயல்லயும் நட்டிருக்காங்க."

"அந்த வீடியோ உங்கிட்ட இருக்குதாடா?" என்றான் பச்சமுத்து.

"அனுப்பினதும் அழிச்சிட்டேண்ணா. எலக்ஷன் டைமு, ஒரு நாளைக்கு ஐந்நூறு வீடியோ வருது, போனு தாங்கல."

இவனுக்கும் மெமரி நிறைந்துவிட்டது. எல்லார் போனிலும் இடமில்லை. யார் யாரோ எடுத்த குட்மார்னிங் படத்துக்கெல்லாம் இடம் இருக்கிறது.

விமல்ராஜ் கம்பெனியோடு பேசினான். உண்மையிலேயே அலைந்தான், அதை மறைக்கக் கூடாது. நாலு நாள் கழித்துப் பதில் கொண்டுவந்தான். அவர்களிடம் குரல் பதிவு இருக்கிறதாம். கொடுக்கிறார்களாம். ஆனால் ஒரு கடிதம் வேண்டுமாம். இறந்துபோன மகாலட்சுமியின் வாரிசான நான், அவர் குரலைப் பயன்படுத்த மனமுவந்து சம்மதிக்கிறேன், இனி ஆட்சேபணை எதுவும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இணையத்தில் சத்தம் அடங்க அவர்களுக்கு அது தேவைப்பட்டது.

"போடாத" என்றேன். பூங்குழலியும் போனில் போட வேண்டாம் என்றார். பச்சமுத்து இரண்டு பேர் சொல்வதையும் கடைசி வரை கேட்டான்.

"நீ அடிக்கலன்னா பக்கத்துக் கடையில அடிப்பேண்ணே. நீயே அடிச்சிடு. உனக்குத்தான் தப்பு இல்லாம வரும்."

அடித்தேன். மனமுவந்து என்கிற சொல்லை அடிக்கும்போது கை ஓடவில்லை. ஓடாவிட்டால் என்ன, அடித்தேன். அவன் கையெழுத்துப் போட்டான். பெயரை முழுசாக, கூட்டெழுத்தில்லாமல், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

மறுநாளே ஃபைல் வந்தது. தமிழினியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்திருந்தான். பள்ளிக்கூடச் சீருடை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து என் கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொடுக்கினேன்.

கால் நனைஞ்சா நெல்லாகும், கண்ணு நனைஞ்சா என்னாகும்.

நின்றுவிட்டது. பதினொரு வினாடி. தண்ணீர்ச் சலசலப்பு இல்லை, கூடப் பாடிய பெண்கள் இல்லை. குரல் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

"அப்றம்?" என்றாள் தமிழினி.

விமல்ராஜுக்குப் போன் போட்டேன். அவன் கம்பெனி ஆளையே இணைப்பில் கொண்டுவந்தான். மரியாதையான பையன், பதமாகப் பேசினான். "சார், எங்களுக்கு அந்த ஒரு லைன்தான் தேவைப்பட்டுச்சு. பின்னாடி ஏதோ பேச்சுச் சத்தம், யாரையோ கூப்பிடற சத்தம் எல்லாம் இருந்துச்சு. அதையெல்லாம் க்ளீன் பண்ணிட்டோம் சார். ரொம்ப கஷ்டப்பட்டு எடுத்தோம்."

பெருமையாகத்தான் சொன்னான். மீதி இல்லையா என்று மூன்று முறை கேட்டேன். இல்லை சார், அதை வைத்து என்ன செய்யப்போகிறோம் என்று அழித்துவிட்டோம் என்றான்.

பச்சமுத்து ஸ்பீக்கரின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு குனிந்து மகளைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் குரலை உயர்த்தி, "யோவ், அங்க நின்னுனு இன்னாயா எடுக்கிற? நாத்து முடி தூக்கியாந்து போடு. தமிழினி எழுந்துடுச்சா பாரு. தமிழினி! ஏய் தமிழினி!" என்றான்.

தமிழினி சிரித்தாள். நான் எழுந்து கடைக்குப் பின்னால் போய்விட்டேன்.

கடிதம் வெளியானதும் குழுவில் அவனைக் கிழித்தார்கள். விலைபோய்விட்டான், பொண்டாட்டி குரலை விற்றுவிட்டான், ஆரம்பத்திலிருந்தே நாடகம். அவனுக்காக நேற்று வரை அழுதவர்கள்தான் அதிகம் திட்டினார்கள். நான் நீளமாக ஒரு பதில் அடித்தேன். அடித்துவிட்டு, இதிலிருந்து எந்த வரியைப் படம் பிடித்து எங்கே இணைப்பார்களோ என்று பயம் வந்து அழித்துவிட்டேன். குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். வரவில்லை. இன்னமும் அதில்தான் இருக்கிறேன். நேற்றுகூட வேறு எதற்கோ ஒருவருக்குச் சட்டம் சொன்னேன்.

வாக்குப்பதிவுக்கு நாலைந்து நாள் இருக்கும்போது கூட்டு ரோட்டில் அவன் ஆட்டோவில் முன்பக்கம் உட்கார்ந்திருந்தேன். பின்னால் தமிழினியும் இரண்டு சவாரிகளும். காலை ஒன்பது மணி இருக்கும், வெயில் அப்போதே ராஜகிரி மலைப் பாறையில் பட்டுத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தது. எதிரே கட்சிக்கொடி கட்டிய பிரசார ஆட்டோ வந்து நின்றது. மகாலட்சுமி பாடினாள். பச்சமுத்து இஞ்சினை அணைத்தான். சவாரிகளுக்கு ஒன்றும் புரியவில்லை.

என்னாகும் என்று குரல் நின்றது. பறை இறங்குவதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அந்த இடைவெளிக்குள், பின்னாலிருந்து தமிழினி வேகவேகமாக, "நாத்து முடி தூக்கியாந்து போடு, தமிழினி, ஏய் தமிழினி" என்று சொல்லி முடித்தாள். பழகி வைத்திருக்கிறாள். தலைவர் பெயர் வந்தது. ஆட்டோ நகர்ந்து திண்டிவனம் ரோட்டுப் பக்கம் போய்விட்டது.

"நைனா, அம்மா இப்டித்தான சொல்லும்?"

"ஆமாம்மா. இப்டித்தான்."

அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, சவாரிகளையும் இறக்கிவிட்டு, என் கடை வாசலில் வண்டியை நிறுத்தினான். நான் இறங்கவில்லை. அவனும் இறங்கச் சொல்லவில்லை.

"ஏய்னு மொதல்ல கூப்புடுமா, தமிழினின்னு மொதல்ல கூப்புடுமாண்ணே? நீ வெட்டிப் போடறப்ப மூணு தபா பாத்தியே."

யோசித்துப் பார்த்தேன். தமிழினி என்றுதான் முதலில் என்று தோன்றியது. உடனே இல்லை என்றும் தோன்றியது. நான் மேலே எழுதியிருப்பதுகூட அவன் சொல்லிக் காட்டிய வரிசைதான்.

"தெரிலடா."

"எனக்கும் தெரில" என்றான். "அதுக்குத் தெனம் சொல்லிக் காட்டறேன் இல்ல. சொல்லிச் சொல்லி இப்ப லட்சுமிய நெனச்சா, என் கொரலுதாண்ணே கேக்குது."

யாரோ ஜெராக்ஸுக்குக் கூப்பிட்டார்கள். நான் இறங்கினேன்.